உதடு அசையாமல் ஜெபித்த நாட்கள்

யூகலிப்டஸ் தைலத்தின் வாசனை எங்கிருந்து வந்தாலும் என் கை தானாகக் கழுத்துக்குப் போகும். போன ஞாயிறு ஆராதனையில் எனக்கு முன்னால் இருந்த சகோதரி அதைக் கைக்குட்டையில் தெளித்து வந்திருந்தார். பாட்டின் நடுவில் என் கண் நிறைந்துவிட்டது. ஏன் என்று சிலர் கேட்டீர்கள். சொல்கிறேன்.

நான் பாடி நடிக்கிறவள். ஞாயிறு பள்ளியின் கிறிஸ்மஸ் நாடகத்தில் அட்டைச் சிறகு கட்டிப் பாடத் தொடங்கினேன். பிறகு கல்லூரி மேடை, கல்யாண மேடை, கடைசியில் திருவிழா மைதானங்களுக்கு வேனில் போகும் நாடகக் குழு. அங்கே பாட்டுகளை முன்கூட்டியே பதிவு செய்துவிடுவார்கள். மேடையில் நடிகை வாயசைப்பாள். எனக்கு அது ஒட்டவேயில்லை. அழுகிற இடத்தில் குரல் நடுங்க வேண்டாமா? ஓடி வந்தால் மூச்சு இரைக்க வேண்டாமா? வருஷக்கணக்காகச் சண்டை போட்டு, எல்லாப் பாட்டையும் மேடையிலேயே பாடுகிற இசை நாடகம் ஒன்றுக்கு எங்கள் மலையாளி இயக்குநரைச் சம்மதிக்க வைத்தேன். கதாநாயகி நான். இளமையில் கிடைக்காத வேடம், நரை வந்தபின் கிடைத்தது.

கர்க்கடகம் என்று இங்கே சொல்லும் ஆடி மாதத்து மழை கொட்டிய ஒரு மாலை, ஒத்திகையில், மேல் ஸ்தாயியில் என் குரல் அறுந்தது. கரகரப்புகூட இல்லை. வெறும் காற்று. வாய் திறந்திருக்கிறது, பாட்டைக் காணோம்.

குரல்நாணில் முடிச்சு என்றார் டாக்டர். பேசவே கூடாது, யூகலிப்டஸ் தைலம் விட்டு ஆவி பிடிக்க வேண்டும், குறையாவிட்டால் அறுவை சிகிச்சை. ஓணம் கழிந்ததும் அரங்கேற்றம் வைத்திருந்தோம். இயக்குநர் வீட்டுக்கே வந்தார்.

"சேச்சி டென்ஷன் அடிக்கண்டா. வேறொரு குட்டியைப் பாட வெச்சு ரெக்கார்ட் பண்ணிக்கலாம். சேச்சி வாயசைச்சா மதி, அது போதும்."

என் நாடகத்தில் இன்னொருத்தியின் குரலுக்கு நான் வாயசைப்பதா? அன்று உலகம் இருண்டது.

என் வீட்டுக்காரர் சிரிக்க வைக்கப் பார்த்தார். "ஏட்டி, கல்யாணமான நாள்லேருந்து நான் கேட்ட அமைதிய இப்பத்தான் கர்த்தர் தந்திருக்காரு." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், கழுவி வைத்த டம்ளரை மறுபடி கழுவிக்கொண்டு நின்றார். அவர் தோள் குலுங்கியது.

விடியற்காலையில் எழுந்து முழங்காலிட்டேன். சத்தம் வரக்கூடாது, அவ்வளவுதானே? ரகசியக் குரலில் ஜெபித்தேன். மேடைக்காரி ரகசியம் பேசினால் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். அந்தப் பழக்கத்தோடு மூச்சை இறுக்கி, பொழுது புலரும்வரை கெஞ்சினேன். தினமும். அடுத்த பரிசோதனையில் முடிச்சு இன்னும் வீங்கியிருந்தது. ஆண்டவரே, கேட்டதற்கா இந்தப் பதில்?

அந்த வாரம்தான் ஸ்பீச் தெரபிஸ்ட் லலிதாவிடம் அனுப்பினார்கள். கரமனை அக்ரகாரத்துப் பெண். என்னைவிட மிக இளையவள். உட்கார்ந்ததும் விசாரணை.

"ஆத்துல யாரோடயாவது பேசறேளா அக்கா? நெஜத்தைச் சொல்லுங்கோ."

இல்லை என்று போனில் எழுதிக் காட்டினேன்.

"பின்னே தொண்டை எப்படி இப்படி ஆச்சு? காத்தால எழுந்துண்டு என்னதான் பண்ணுவேள்?"

ஜெபம் என்று எழுதினேன்.

"எப்படி? பண்ணிக் காட்டுங்கோ."

கண்ணை மூடி இரண்டு வரி ஜெபித்தேன். திறந்து பார்த்தால் அவள் தலையில் கை வைத்திருந்தாள்.

"அய்யோ அக்கா! இது பேசறதைக் காட்டிலும் மோசமாக்கும். ரகசியம் பேசினா தொண்டைக்கு இன்னும் கஷ்டம். உங்க சுவாமிக்குக் காது அவ்வளவு மந்தமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்கவும் படாது!"

மறுநாள் முழங்காலிட்டு உதட்டை மூடினேன். ஓசையால் வாழ்ந்தவளுக்கு அது எவ்வளவு கடினம் தெரியுமா? மழை பேசியது. பக்கத்து வீட்டுக் குக்கர் பேசியது. எனக்கு மட்டும் வசனம் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. சொல்லாத ஜெபம் போய்ச் சேருமா என்று மனம் அலைந்தது. அலைந்து அலைந்து ஒருநாள் களைத்து உட்கார்ந்தது. அப்போது அறிந்தேன்: நான் பேச ஆரம்பிக்கும் முன்பே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சமாதானத்தை எழுத எனக்கு மொழி போதாது.

முடிச்சு சுருங்கத் தொடங்கியது. கத்தி தேவையில்லை என்றார் டாக்டர். லலிதா சொல்லித் தந்த பயிற்சிப்படி தண்ணீரில் ஸ்ட்ரா விட்டுக் குமிழி ஊதினேன். ஒரு "ம்" வந்தது. பிறகு ஒரு ஸ்வரம். பிறகு ஒரு வரி.

அரங்கேற்றம் கொஞ்சம் தள்ளிப்போனது. ஆனால் சுருதியை ஒரு படி இறக்கி, எல்லாப் பாட்டையும் நானே பாடினேன். மேல் ஸ்தாயி நடுங்கியது. அழுகிற இடத்தில்தான் நடுங்கியது. திரை விழுந்ததும் இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டே முணுமுணுத்தார்: "அந்தக் குட்டி பாடின டிராக் எல்லாம் வேஸ்ட் ஆயி, சேச்சி."

மருந்தா ஜெபமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் குரலைக் கேட்டேன். கர்த்தர் முதலில் மௌனத்தைத் தந்தார். அதைக் கற்பிக்க ஒருத்தியைக் கரமனை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். இன்று ஒத்திகைக்கு முன் எங்கள் குழு முழுவதும் சற்று நேரம் வாய் மூடி உட்காருகிறது, அவரவர் தெய்வத்தோடு. பிரியமானவர்களே, ஜெபிக்க வார்த்தை வராத துயரத்தில் இருக்கிறீர்களா? வராவிட்டால் விட்டுவிடுங்கள். அவர் முன் சும்மா இருங்கள். அவர் கேட்கிறார். என் தொண்டை அதற்குச் சாட்சி.

சிகிச்சையின் கடைசி நாளில் லலிதாவோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தேன். நன்றி என்று நான் பழக்கத்தில் ரகசியக் குரலில் முணுமுணுக்க, அவள் கூடாது என்று விரலை ஆட்டினாள். பஸ் வந்தது. படியில் ஏறி நின்று திரும்பிக் கூவினாள்:

"இனி ரகசியம் வேண்டாம் அக்கா. அவர்கிட்ட நன்றி சொல்லணும்னா, நாலு பேர் கேக்க வாய்விட்டுச் சொல்லுங்கோ!"