சுழி போடாத பக்கங்கள்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எழுதத் தெரிந்த ஒரே எழுத்து உ. அப்பா வேர்க்கடலை மூட்டைகளின் மேல் சாக்பீஸால் அந்தப் பிள்ளையார் சுழியைப் போடுவார். அம்மா புது முறம் வாங்கினால் அதன் முதுகில் மஞ்சளால் போடுவாள். அதற்கு அடுத்த எழுத்து என்னவென்று இருவருக்கும் தெரியாது. அடுத்த எழுத்துகள் எல்லாம் என்னோடு தொடங்கின. கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்திலிருந்து ஆங்கில எம்.ஏ. வரைக்கும், தாளின் தலையில் சுழி போடாமல் ஒரு வரிகூட எழுதியதில்லை. பரீட்சைத் தாளில் எந்தக் குறியும் போடக்கூடாது என்று சொன்னபோதும், விரல் நுனியால் வெறுமனே வரைந்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

அப்படிப்பட்ட நான், சுழி போடாத சில பக்கங்களை என்னுடையவை என்று சொல்லிக்கொண்டேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

செங்கம் சாலையில் மலையடிவார ஆசிரமத்துக்கு எதிர்ச் சந்தில், ஒரு மாடி அறையில் பிரெஞ்சுக்காரப் பெண்மணி ஒருவர் வாடகைக்கு இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஆங்கிலம் நன்றாகவே பேசுவார். ஆனால் ஆங்கிலப் புத்தகங்களைத் தன் மொழியில் மொழிபெயர்க்கும் வேலை கிடைக்க வேண்டுமென்றால், உயர்நிலைத் தேர்வு ஒன்றில் தேறியாக வேண்டும். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் இலக்கணத்தில் வழுக்கியிருந்தார். மூன்றாவது முறை சென்னையில் எழுதப் பணம் கட்டியிருந்தார். இரண்டரை மாதம் இருந்தது.

"ஆங்கிலத்திலேயே பிறந்தவர்களிடம் கேட்டால், 'அது அப்படித்தான்' என்கிறார்கள்" என்றார், இலக்கணம் சொல்லித்தர என்னைக் கூப்பிட்ட முதல் நாள். "நீங்கள் ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். படி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்."

அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை எனக்கு. வேங்கிக்காலில் புதிதாகத் திறந்த ஒரு பயிற்சி நிலையத்தில், பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் இல்லை என்று என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இவர் தேறிவிட்டால் அதே கதவைத் தட்டலாம். அது மட்டுமில்லை, ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிக்கு ஆங்கில இலக்கணம் கற்பித்தவள் நான் என்று ஊரில் சொல்லிக்கொள்ள வேண்டும். எனக்கு அந்த ஆசை இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

அம்மாவிடம் சொன்னேன்.

"அவங்க பாஷைய அவங்களுக்கே நீ சொல்லித் தரப் போறியா?" என்றாள்.

"அவங்க பாஷை வேறம்மா. பிரெஞ்சு."

"வெள்ளக்காரங்கள்ல கூட ரெண்டு மூணு பாஷ கீதா? அப்ப அவங்களும் நம்மள மாதிரிதான் முழிப்பாங்க."

திங்கள், புதன், வெள்ளி மதியம் மூன்று மணிக்குப் பாடம். ஒவ்வொரு நாளும் பத்து வாக்கியம் எழுதி வைத்திருப்பார். நான் பக்கத்தின் தலையில் சிவப்பு மையால் சுழி போட்டுவிட்டுத் திருத்துவேன். அந்தக் குறி என்ன என்று கேட்டபோது, எங்கள் ஊரில் இதைப் போட்டால்தான் ஒரு காரியம் தொடங்கியதாகக் கணக்கு என்றேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று.

அவருடைய பிழைகள் பிரெஞ்சிலிருந்து வந்தவை. மூன்று வாரமாக இங்கே இருக்கிறேன் என்பதை வெறும் நிகழ்காலத்தில் எழுதுவார். ஆங்கிலம் அந்த இடத்தில் பிரசென்ட் பெர்ஃபெக்ட் கேட்கும். நேற்று பார்த்தேன் என்னும்போது, தேவையே இல்லாமல் அதே பெர்ஃபெக்டைக் கொண்டுவருவார். வாழ்க்கை, அன்பு, மௌனம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 'தி' போட்டுவிடுவார். கடலையில் கல் பொறுக்குவதுபோல நான் அவற்றைப் பொறுக்கினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் கேட்டது எனக்குத் தெரியவில்லை. பழைய வழக்கத்தைச் சொல்லும்போது 'யூஸ்ட் டு' எங்கே, 'வுட்' எங்கே? அவர் மொழியில் இரண்டுக்கும் ஒரே வடிவம். நமக்கும் அப்படித்தான்: அப்போதெல்லாம் போவேன், இருப்பேன் என்று ஒரே மாதிரி சொல்லிவிடுகிறோம்.

"திங்கட்கிழமை சொல்கிறேன்" என்றேன்.

சனிக்கிழமை முழுவதும் வீட்டில், களத்தில் காயும் கடலைக்குக் காவலாக உட்கார்ந்து, தடித்த இலக்கணப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். விடை கிடைத்தது. திரும்பத் திரும்பச் செய்த செயலுக்கு இரண்டும் பொருந்தும். இருந்த நிலைக்கு 'யூஸ்ட் டு' மட்டும்தான். திங்கட்கிழமை அதை நெஞ்சில் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

நான் வாய் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "சனிக்கிழமை நீங்கள் வந்து விளக்கியது மிக நன்றாகப் புரிந்தது. அந்த எடுத்துக்காட்டு மறக்கவே மறக்காது."

நோட்டைத் திருப்பிக் காட்டினார். சிவப்பு மை. என் கையெழுத்து. என் 'ஜி'யின் வால் எப்போதும் இடது பக்கம் சற்றுக் கோணும், அந்தக் கோணலும் இருந்தது. இரண்டு வாக்கியங்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது, அதற்கு 'யூஸ்ட் டு'. உச்சி வெயிலில் அதில் எட்டிப் பார்த்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன், அதற்கு 'வுட்'.

கிணற்றைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். அம்மா களை எடுத்துக்கொண்டிருக்கும்போது, உச்சி வேளையில் கிணற்றை எட்டிப் பார்க்காதே என்று அவள் சொல்லியிருந்ததாலேயே போய் எட்டிப் பார்ப்பேன். என் பெயரைக் கூப்பிடுவேன். சற்று நேரம் கழித்துப் பதில் வரும். ஒருநாள் நான் கூப்பிடவில்லை, பதில் வந்தது. அதோடு போவதை நிறுத்திவிட்டேன். பிறகு தண்ணீர் வற்றி, அப்பா மண் கொட்டி அதை மூடிவிட்டார்.

இது நான் எழுதியதில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எழுதியிருந்தது சரியாக இருந்தது. நான் ஒரு நாள் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்ததைவிடத் தெளிவாக இருந்தது. இல்லை என்று சொன்னால், இவருக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தது வேறு யாரோ என்றாகிவிடும்.

"ஆமாம்" என்றேன். "நல்ல எடுத்துக்காட்டு."

"சனிக்கிழமை மட்டும் அந்தச் சின்னக் குறியை ஏன் போடவில்லை?"

பக்கத்தின் தலை வெறுமையாக இருந்தது.

"மறந்துவிட்டேன்." பேனாவைத் திறந்து, அந்த இடத்தில் சுழியைப் போட்டேன்.

சுழி போட்டால்தான் தொடங்கியதாகக் கணக்கு என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். இருந்தும் அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. மை காயட்டும் என்று ஊதிவிட்டது மட்டும் நினைவிருக்கிறது.

பாடம் முடிந்து இறங்கினேன். வீட்டுக்கார அக்கா வாசலில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சரம்மா, சனிக்கெழம அவ்ளோ கூப்ட்டேன், திரும்பிக்கூட பாக்கல. படிப்பு ஜாஸ்தியானா காது கம்மியாயிடுமா?"

நான் பையின் வாரைச் சரிசெய்துகொண்டேன்.

"செருப்புகூட போடாம போற. பஸ்ஸுக்குன்னா டவுன் பக்கம் போவணும். நீ இன்னாடான்னா மேற்கால போயிக்கினே கீற. அதுவும் ரோட்டுக்கு வலது பக்கமா, மலையோரமா. யாராவது அப்டி போவாங்களா?"

மலையை வலம் வருகிறவர்கள் சாலையின் இடது பக்கமாகவே நடப்பார்கள். மலையை ஒட்டிய வலது ஓரம், நம் கண்ணுக்குத் தெரியாமல் வலம் வருகிறவர்களுக்கு விட்டது. எங்கள் பக்கத்தில் இதை யாரும் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். இடது பக்கமாக நடப்பார்கள், அவ்வளவுதான்.

"வேண்டுதல்க்கா" என்றேன். "அதான் பேசல."

"அப்டி சொல்லு. படிச்ச திமிருன்னு நெனச்சிட்டேன்." ஒரு கை மிளகாயை முறத்தில் போட்டார். "வேண்டுதல்னா கூட இடது பக்கமா போ பாப்பா."

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் செவ்வாய், வியாழக்கிழமைப் பக்கங்கள் நோட்டில் இருந்தன. திருத்தங்களுக்குப் பக்கத்தில், எந்த இடத்தில் வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அழுத்தம் கூடும், எந்த இடத்தில் ஒரு சந்தேகத்தை 'மஸ்ட்' போட்டு முடிவாக்கலாம் என்றெல்லாம் சிறு குறிப்புகள். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்கவில்லை. எடுத்துக்காட்டுகள் எல்லாம் எங்கள் வீட்டிலிருந்தே வந்தன. மூட்டையின் மேல் சாக்பீஸ். அம்மாவின் முறம். அம்மா அடிக்கும்போது நான் ஒளிந்துகொள்ளும் இடம். நான் ஒவ்வொன்றின் தலையிலும் சுழி போட்டேன். போட்டுவிட்டு, எழுதியிருந்ததை அவர் பார்க்காதபோது மனப்பாடம் செய்தேன்.

அவர் வேகமாக முன்னேறினார். பத்து வாக்கியத்தில் ஒன்பது சுத்தமாக வந்தது. "நீங்கள் இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன்" என்று, பிழையே இல்லாத ஒரு ஆங்கில வாக்கியத்தில் சொன்னார்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை. நல்ல வெயில். குடையை மடக்கிக்கொண்டு கேட்டைத் திறந்தேன். வீட்டுக்கார அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா, இப்பதான மேல போன? எந்தப் பக்கமா எறங்குன?"

அந்த வீட்டுக்கு ஒரே படிக்கட்டு. ஏறினேன். படி திரும்பும் இடத்தில் நின்றேன். கதவுக்கு வெளியே அவருடைய தோல் செருப்பு மட்டும் இருந்தது. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. என் குரல்.

போனில் பதிவான தன் குரலைக் கேட்டால் எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும். இது அப்படி இல்லை. நான் ஆங்கிலம் பேசும்போது ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் முன்னால் ஒரு நொடி தயங்குவேன், சரிதானா என்று உள்ளே பார்த்துக்கொள்வேன். அந்தக் குரல் எங்கும் தயங்கவில்லை. ஆசிரமத்துப் பக்கம் ஒரு மயில் அகவியது. குரல் நின்று, மயில் முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு தொடர்ந்தது. நானும் அப்படித்தான் காத்திருப்பேன்.

மௌனம் என்ற சொல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. பொதுவான மௌனத்துக்கு 'தி' வேண்டாம். குறிப்பிட்ட ஒரு மௌனத்துக்கு வேண்டும். "கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கும்போது வரும் மௌனம்" என்றது. "அதற்குக் கட்டாயம் வேண்டும்."

இன்னும் ஆறு படிகள் இருந்தன. கதவைத் தள்ளியிருக்கலாம். தள்ளினால் அந்த அறையில் இரண்டு பேர் இருப்போம். ஆசிரியை ஒருத்திதான் இருக்க முடியும். அது யாரென்று என் மாணவி தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

நான் படியில் உட்கார்ந்தேன். பையிலிருந்து என் நோட்டை எடுத்து, தலையில் சுழி போட்டு, உள்ளே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

குரல் நின்றது. யாராவது இறங்கி வருவார்கள் என்று சுவரோரமாக ஒதுங்கினேன். யாரும் வரவில்லை. முழங்காலுக்குப் பக்கத்தில் மட்டும், ஈர மண் வாசனையோடு ஒரு குளிர்ச்சி கடந்து போனது. அந்த வெயிலில் எனக்குப் பல் கிட்டியது. பிறகு ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன். அவர் தனியாக இருந்தார்.

"எதையாவது மறந்துவிட்டீர்களா?"

"குடை" என்றேன்.

என் கையில் இருந்த குடையைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் தேறினார். மிக உயர்ந்த தரம். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் வேங்கிக்கால் பயிற்சி நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்த நோட்டையும் என்னிடமே தந்தார்.

"ஒன்று சொல்லட்டுமா?" என்றார். "குறி போடாமல் சொல்லிக்கொடுத்த நாட்களில் நீங்கள் இன்னும் நன்றாகச் சொன்னீர்கள். குறி போடும் நாட்களில் கொஞ்சம் பயந்துபோயிருப்பீர்கள். பிறகு எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டீர்கள், பார்த்தேன். ஆனாலும் எனக்கு எது எது என்று தெரியும்."

நன்றி சொன்னேன்.

கடிதத்தைப் பார்த்து வேலை கொடுத்தார்கள். முதல் நாள் அப்பா பஸ்ஸேறி வந்து, கட்டடத்துக்கு எதிரே டீக்கடையில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, உள்ளே வராமலேயே போனார். முன்னறையில் நாற்பது நோட்டுகள் காத்திருந்தன. முதல் நோட்டைத் திறந்து, தலையில் சுழி போட்டேன்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "மேடம், இதெல்லாம் வேணாங்க. எல்லா மதத்துப் பசங்களும் படிக்கிறாங்க. நாளைக்கு யாராவது கேட்டா நமக்குத்தான் சங்கடம்."

அவர் சொன்னது நியாயம்தான். விரலால் வரைந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டாவது நோட்டைச் சுழியில்லாமல் திறந்தேன்.

அடுத்து எனக்கு நினைவில் இருப்பது, நாற்பதாவது நோட்டை மூடியது.

எல்லாம் திருத்தியிருந்தது. என் கையெழுத்து, இடது பக்கம் கோணும் வால். ஓரங்களில் சிறு குறிப்புகள். பேனா என் கையில்தான் இருந்தது. மூடி போட்டபடியே இருந்தது. மேலாளர் இரண்டு நோட்டைப் புரட்டினார். "சூப்பர் மேடம். இப்டி திருத்தி நான் பாத்ததே இல்ல. நீங்கதான் பண்ணீங்களா?"

"ஆமாம் சார்" என்றேன்.

வீட்டுக்குப் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"இன்னாடி ஆச்சு உனக்கு? மத்தியானம் வந்தியே, கூப்ட கூப்ட திரும்பாம, மூடின கெணத்தாண்ட நின்னுக்கினே இருந்த. செருப்புகூட இல்லாம. நான் கிட்ட வரதுக்குள்ள காணோம். மொத நாளே வேலைய வுட்டுட்டு வந்துட்டியோன்னு பயந்துட்டேன்."

செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கால் முழுக்க எங்கள் கொல்லையின் செம்மண். இன்னும் காயவில்லை.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டுதல்மா" என்றேன்.