அக்கா பக்கத்துத் திரி

2011 ஜூன் 4, சனிக்கிழமை, மாலை நாலு பத்து, தூறல். வெள்ளவத்தையில் பேத்தியின் கல்யாணம். தாய்மார் ஏற்றிய இரண்டு மெழுகுதிரிகளால் பேத்தியும் மாப்பிள்ளையும் நடுத்திரியை ஏற்றிவிட்டு, அந்த இரண்டையும் ஊதி அணைத்தார்கள். இப்போதைய வழக்கமாம். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் நான் கொட்டாஞ்சேனைக் கோயிலில் ஒன்பது வயதில் இருந்தேன்.

அது 1946, அக்காவின் கல்யாணம். பீடத்தின் முன்னால் மாப்பிள்ளைக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்றாக இரண்டு திரிகள் எரிந்தன.

"எது முந்தி முடியுதோ, அந்த ஆள்தான் முந்திப் போகும்" என்றாள் பக்கத்திலிருந்த மாமி.

துறைமுகக் காற்றில் அக்காவின் திரி வேகமாக உருகியது. ஒரு கண்ணை மூடி விரலால் அளந்தேன். இரண்டு விரற்கடை குறைவு. ஓடிப்போய் அதன் முன்னால் கைகளை விரித்து நின்றேன்.

"தம்பி, இஞ்ச என்ன செய்யிறாய்?" என்றார் முழந்தாளிட்டிருந்த அத்தான்.

"அக்காட திரி கெதியா முடியுது. அவ செத்துப்போவா."

பின்னால் சிலர் சிரித்தார்கள். அக்காவின் முகம் வெளிறியது. அத்தான் எழுந்து இரண்டு திரிகளையும் ஒரே மூச்சில் ஊதி அணைத்தார்.

"இப்ப சரியோ? ரெண்டு பேரும் ஒண்டாத்தான். போய் இரு."

அத்தான் போய்ப் பதினொரு வருடம், மூன்று மாதம். என் பக்கத்திலிருந்த அக்கா புகையைப் பார்த்துக்கொண்டே, "ஒண்டா எண்டவர், பாத்தியாடா" என்றாள்.

வெளியே வரும்போது அத்தான் பெயரில் ஏற்ற அக்காவுக்கு ஒரு திரி வாங்கிக் கொடுத்தேன். மழைக்காற்று அடித்தது. அது பிடித்து நின்று எரியும்வரை கைகளை விரித்து நின்றேன். திரி இருபது ரூபாய்.