பயிற்சி பெற்றவர் வசம் ஒரு கம்ப்யூட்டர்

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஓர் இயந்திரம் வந்தால் முதலில் செய்ய வேண்டியது அதற்கு ஒரு பூட்டு வாங்குவது. இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. தில்லியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தபோது நான் கண்ணால் கண்டு தெரிந்துகொண்டது. எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். என் பென்ஷன் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது.

எழுபதுகளில் எங்களுக்கு டெலிவிஷன் பெட்டி வந்தது. மரக் கதவு வைத்துப் பூட்டினோம். பாடம் ஒளிபரப்பாகும் நேரத்தில் சாவி வைத்திருப்பவர் வேறு வகுப்பில் இருப்பார். அடுத்து புரொஜெக்டர் வந்தது. பல்பு எரிந்துபோனால் புதிது வாங்க அனுமதி பெறுவது கடினம் என்பதால், பல்பைக் கழற்றி முதல்வரின் பீரோவில் வைத்தோம். அந்தப் பல்பு கடைசிவரை எரிந்துபோகவில்லை. அவ்வளவு நல்ல பல்பு.

எண்பதுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வந்தது.

ஒரு மரப்பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே வந்து இறங்கியது. கூடவே ஒரு கடிதம். கம்ப்யூட்டரை இயக்க ஓர் ஆசிரியரைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியர் உண்மையாகவே அதை வைத்துப் பாடம் நடத்துகிறார் என்று ஆய்வில் தெரிந்தால் பள்ளிக்கு ஒரு நிரந்தரப் பணியிடம் உண்டு. இல்லாவிட்டால் இயந்திரம் வேறு பள்ளிக்குப் போய்விடும். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்.

அந்தப் பணியிடத்துக்காகக் காத்திருந்தவர் ஒருவர் இருந்தார். எங்கள் இயற்பியல் டீச்சர். தற்காலிக நியமனம். ஒவ்வொரு ஏப்ரலிலும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஜூலையில் மறுபடி கூப்பிடுவோம். நடுவில் வரும் கோடை மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது. தில்லி வெயில் மட்டும் உண்டு. ஜூலையில் கூப்பிடுவோமா என்பதும் அந்தந்த ஜூலையில்தான் தெரியும். மோதி பாக் அரசுக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த அவர் அப்பா ரிட்டயர் ஆகும் தறுவாயில் இருந்தார். குவார்ட்டர்ஸும் அவரோடு ரிட்டயர் ஆகிவிடும். பெண்ணின் வேலை நிரந்தரமானால்தான் குடும்பம் தில்லியில் இருக்கும்.

கடிதத்தில் பயிற்சிக்கு இயற்பியல் அல்லது கணித ஆசிரியர் 'விரும்பத்தக்கது' என்று இருந்தது. விரும்பத்தக்கது என்றால் கட்டாயமில்லை என்று முதல்வர் பொருள் கொண்டார். கட்டாயமில்லாத இடத்தில் எல்லாம் எங்களிடம் இருந்த ஒரே அளவுகோல் பணிமூப்பு. ஆகவே பள்ளியிலேயே மூத்தவரான சரித்திர ஆசிரியர் கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போனார். அங்கே மதியச் சாப்பாடும் ஒரு பிளாஸ்டிக் பையும் கொடுத்தார்கள். சாப்பாட்டில் ராஜ்மா அதிகம் என்று குறைபட்டுக்கொண்டு, சான்றிதழோடு திரும்பி வந்தார்.

இயந்திரத்துக்கு ஏ.சி. அறை தயாரானது. பள்ளியில் வேறு எந்த அறையிலும் மின்விசிறி ஒழுங்காகச் சுற்றாது. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். தையல் டீச்சர் இயந்திரத்துக்கு ஓர் உறை தைத்தார். ஓரத்தில் பூ வேலைப்பாடு. சாவி சரித்திர ஆசிரியரின் இடுப்பில்.

இயற்பியல் டீச்சர் கேட்டுப் பார்த்தார். அன்று நானும் அந்த வராந்தாவில் இருந்தேன்.

"சார், சாவி குடுங்களேன். சும்மா ஒரு தடவை ஆன் பண்ணிப் பாத்துட்டுக் குடுத்துடறேன்."

சரித்திர ஆசிரியர் திருநெல்வேலிக்காரர். முப்பது வருட தில்லி அவர் பேச்சைத் தொடவில்லை. "நீ ட்ரெயினிங் போனியா தாயி?"

"இல்ல சார். ஆனா கரோல் பாக்ல சாயங்கால கோர்ஸ் போயிண்டிருக்கேன். இதே மாதிரி மெஷின்தான்."

"அது ப்ரைவேட்டு. கவர்மெண்டு மெஷினுக்குக் கவர்மெண்டு ட்ரெயினிங் வேணும்லா? சூப்ரண்டு சார், நான் சொல்லுதது சரிதான?"

"பொறுப்பாளர் முன்னிலையில் யார் வேண்டுமானாலும் தொடலாம்" என்றேன். விதி அதுதான்.

"அப்பொ நம்ம முன்னிலையிலயே தொடட்டும். எனக்கு ஒழியும்போது சொல்லுதேன்."

அவருக்கு ஒழியவே இல்லை.

ஆனால் கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. வாரம் தவறாமல் நடந்தது. கரும்பலகையில். பயிற்சியில் கொடுத்த குறிப்புகளை அவர் வாசிப்பார், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அக்பரின் நிர்வாகச் சீர்திருத்தங்களை நடத்தும் அதே குரலில், கம்ப்யூட்டரின் பாகங்கள், அதன் நன்மைகள், அதன் தீமைகள். அரையாண்டுத் தேர்வில், விசைப்பலகையின் படம் வரைந்து பாகங்களைக் குறி என்று ஒரு கேள்வி. ஒரு பெண் எல்லா எழுத்துகளையும் சரியான இடத்தில் வரைந்து, நிழல் கூடக் கொடுத்திருந்தாள். முழு மதிப்பெண். விசையை அவள் தொட்டது கிடையாது.

இந்த நிலையில்தான் கேசட் விவகாரம் நடந்தது. அந்த நாளில் கம்ப்யூட்டருக்கான பாடங்கள், பாட்டு கேட்கும் கேசட்டில்தான் பதிந்து வரும். டேப் ரெக்கார்டரைக் கம்பி வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஓட்டினால் அது படித்துக்கொள்ளும். எங்களுக்கும் ஒரு கேசட் வந்திருந்தது. சரித்திர ஆசிரியர் அதைப் பாட்டு அறைக்கு எடுத்துப்போய்ப் போட்டுக் கேட்டார். கீச்சென்று காதைக் கிழிக்கும் சத்தம். திருப்பிப் போட்டார். மறுபக்கமும் கீச்சு. பொருட்பதிவேட்டில் 'கேசட் ஒன்று, பழுது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பழுதான பொருளை வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது. ஆண்டு விழாவுக்கு ஒரு கேசட் தேவைப்பட்டது. இப்படி வரும் கேசட்டில் யாரும் மேலே பதிந்துவிடாதபடி ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தல் இருக்கும். அதன் மேல் செலோ டேப் ஒட்டினால் பதியலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரிந்த தொழில்நுட்பம் அது ஒன்றுதான். முதல்வரின் வரவேற்புரை கணீரென்று பதிவானது.

பிப்ரவரியில் ஆய்வு வந்தது. ஆய்வு அதிகாரி ஒரு சர்தார்ஜி. பெரிய உடம்பு, சின்னக் குரல். மற்ற அதிகாரிகளுக்குச் சமோசா, தேநீர் என்று ஒரு மணி நேரம் கழியும். இவர் தேநீரை மறுத்துவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனார். செருப்பைக் கழற்றச் சொன்னதும், "குருத்வாரா ஹை க்யா?" என்று கேட்டார். கோயிலா இது என்று எனக்கும் பல நாள் சந்தேகம்தான்.

முதல்வரும் நானும் ஒரு வகுப்புப் பிள்ளைகளும் பார்த்திருக்க, உறை விலக்கப்பட்டது. அவர், "சலாகே திகாயியே" என்றார். ஓட்டிக் காட்டச் சொல்கிறார்.

சரித்திர ஆசிரியர் சுவிட்சைப் போட்டார். அதைப் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். திரையில் ஒரு சிறிய கோடு கண் சிமிட்டியது. அதற்குமேல் என்ன செய்வது என்பது அவருடைய குறிப்பில் இருந்தது. குறிப்பு ஆசிரியர் அறையில் இருந்தது. டேப் ரெக்கார்டரில், இருந்த ஒரே கேசட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினார்.

"தில்லி வாழ் தமிழ்ப் பெருமக்களே!" என்றது கம்ப்யூட்டர் அறை.

பிள்ளைகள் முதலில் சிரிக்கவில்லை. முதல்வரின் குரல் கேட்டதும் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள். வரவேற்புரையில் கைதட்டல் வரும் இடம் வந்தபோது ஒருவன் தட்டினான். பிறகு அறையே சிரித்தது. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. கம்ப்யூட்டர் தமிழ் பேசுகிறது என்று ஒரு கணம் உண்மையிலேயே வியந்தார். அடுத்த கணம் முதல்வரின் முகத்தைப் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. பையில் இருந்து பேனாவை எடுத்தார். அவர் எழுதப்போவது என்ன என்று எனக்குத் தெரியும்: இயந்திரம் பயன்படுத்தப்படவில்லை, வேறு பள்ளிக்கு மாற்றலாம்.

கதவோரம் நின்ற இயற்பியல் டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அது தெரியும்.

அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. உள்ளே வந்து, டேப் ரெக்கார்டரை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏம்மா, ட்ரெயினிங்..." என்று சரித்திர ஆசிரியர் தொடங்கினார். விசைகளின் சத்தம் அவர் குரலை மூடிவிட்டது. டீச்சர் தானே ஒரு ப்ரோக்ராமைத் தட்டினார். அழித்துத் திருத்தினார். பிறகு எழுந்து, நாற்காலியை அதிகாரியின் பக்கம் திருப்பினார்: "சர், ஆப் பைட்டியே."

அதிகாரி உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் அவர் பெயரைக் கேட்டது. ஒரு விரலால் தேடித் தேடித் தட்டினார். அவர் பெயரைச் சொல்லி வணக்கம் கூறிவிட்டு, அது பெருக்கல் கணக்குக் கேட்க ஆரம்பித்தது. ஒன்று சரி. இரண்டு சரி. குழந்தை மாதிரி சிரித்தார். அடுத்தது பதினேழையும் எட்டையும் பெருக்கச் சொன்னது. யோசித்துத் தட்டினார். தவறு, மறுபடி முயலவும் என்றது திரை.

முதல்வர் டீச்சரின் காதோரம் குனிந்தார். "ஏம்மா, அவர் என்ன போட்டாலும் சரின்னே காட்டற மாதிரி பண்ண முடியாதா? ஜல்தி!"

"முடியும் சார். ஆனா அப்பறம் அது கம்ப்யூட்டர் இல்லையே" என்றார் டீச்சர்.

அதிகாரி விரல் விட்டு எண்ணி, நூற்று முப்பத்தாறு என்று தட்டி, சரி என்று வந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இவர் பயிற்சி பெற்றவரா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். "பயிற்சி பெற்றவர் யார்?" காட்டினேன். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

அறிக்கையில் அவர் எழுதியது: இயந்திரம் இப்போதைக்கு இங்கேயே இருக்கலாம், மே மாதப் பயிற்சிக்கு வேறொரு ஆசிரியரை அனுப்ப வேண்டும், அவர் நன்றாக நடத்தினால் பணியிடம் அவருக்கே.

இனிமேல் தடை இல்லை என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் ஒரு நாள் கூட அலுவலகத்தில் வேலை பார்த்ததில்லை. முதல் தடை பணிமூப்பு. அடுத்து மூத்தவர் தையல் டீச்சர். உறை தைத்தவர் என்ற உரிமையும் அவருக்கு இருந்தது. நான் ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன்: பயிற்சி மே மாதத்தில், பட்டப்பகலில், பஸ்ஸில் போய் வர வேண்டும், பயணப்படி கிடையாது, மதியச் சாப்பாட்டில் ராஜ்மா. எல்லோரும் ஊருக்குப் போக ரயிலில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். 'விருப்பமில்லை' என்று மளமளவென்று கையெழுத்துகள் விழுந்தன. பணிமூப்பு இவ்வளவு சீக்கிரம் கரைந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது தடை இன்னும் கடினம். மே மாதத்தில் இயற்பியல் டீச்சர் எங்கள் ஊழியரே இல்லை. ஏப்ரலோடு அவரை விடுவிக்க வேண்டும். ஊழியர் அல்லாதவரைப் பயிற்சிக்கு எப்படி அனுப்புவது? அவருடைய நியமன ஆணையை எடுத்துப் படித்தேன். 'விடுவிப்பு ஆணை பிறப்பிக்கப்படும் வரை' என்று இருந்தது. விடுவிப்பு ஆணைக்கான கோப்பை முதல்வருக்கு அனுப்ப வேண்டியவன் நான். அந்தக் கோப்பு அந்த வருடம் என் மேஜையில் சற்று ஓய்வெடுத்தது. தாமதம் என்பது குற்றமாக இருக்கலாம். ஆனால் எந்த விதியும் அதற்கு இத்தனை நாள் என்று சொல்லவில்லை.

அவர் போனார். தெரிந்ததையே மறுபடி கற்றார். பயிற்சியின் பின்பாதியில் அவரையே பாடம் எடுக்கச் சொல்லிவிட்டார்களாம். சான்றிதழ் வந்தது. பள்ளி திறந்ததும் பொறுப்பு மாற்றம்.

சரித்திர ஆசிரியர் அதை ஒரு சமஸ்தானத்தை ஒப்படைப்பது போலச் செய்தார். கம்ப்யூட்டர், திரை, டேப் ரெக்கார்டர், பூ வேலைப்பாடு உறை, பூட்டு, சாவி என்று ஒவ்வொன்றாக வாசித்து, தன் கைப்பட நிலையையும் எழுதினார். கடைசியில் கேசட் வந்தது. பாடம் இருந்தபோது பழுது என்று எழுதியவர், இப்போது 'நல்ல நிலையில்' என்று எழுதினார்.

டீச்சர் பேனாவோடு என்னைப் பார்த்தார். "சார், இதுல இருந்த ப்ரோக்ராம் எல்லாம் போயிடுத்தே. நான் எப்படி கையெழுத்துப் போடறது?"

"போட்டுப் பாரு தாயி, கணீர்னு கேக்குதா இல்லையான்னு" என்றார் சரித்திர ஆசிரியர். கேலி இல்லை, உண்மையாகவே சொன்னார்.

கையெழுத்து இல்லாமல் சாவி இல்லை. சாவி இல்லாமல் வேலை இல்லை. டீச்சர் கையெழுத்துப் போட்டார். சாவியை வாங்கிக்கொண்டு நேராக அந்த அறைக்குப் போனார். பின்னாலேயே ஒரு வகுப்பு முழுவதும் செருப்போடு உள்ளே போனது.