ஒரு கால் நீலம், ஒரு கால் பச்சை

போன வருடம் ஐப்பசியில், கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. நான் அந்தப் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் ஏட்டு. ரைட்டர் வேலை, அதாவது வருகிற புகாரையெல்லாம் எழுதுகிறவள். பழங்குடி மக்கள் வீட்டில் ஒரு பெண்ணைக் காணோம், ஒருவரைக் கொன்றுவிட்டார்கள் என்று யாராவது வந்தால் போலீஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் பயிற்சி. இருபது வருடம் சர்வீஸ் போட்டவளுக்கு இனி யார் என்ன சொல்லித் தருவது என்ற மிதப்பில், கடைசி வரிசையில் ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள், பயிற்சி நடத்திய வக்கீல் அம்மா ஆளை மாற்றிப் போட்டார். காட்டுநாயக்கர் குடியிருப்பிலிருந்து வந்திருந்த பெண்கள் போலீசாம். நாங்கள் புகார் கொடுக்க வந்தவர்களாம். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் சிவப்பு சோபா அப்படியே கிடந்தது. ஏறக்குறைய என் வயதுள்ள ஒருத்தி அதில் ஏறி உட்கார்ந்தாள். யாரோ தொப்பியை வேறு மாட்டிவிட்டார்கள். வக்கீல் அம்மா கண்ணில் நான்தான் பட்டேன். எழுந்து போய், ஒன்பதாவது படிக்கும் என் மகளைக் காணோம் என்று மூக்கை உறிஞ்சினேன்.

“ஏட்டி, தள்ளி நின்னு பேசு. எவன்கூட போனா? உங்க கூட்டமே ஊர் சுத்துத கூட்டம்தானே, சுத்திட்டு வருவா. ரெண்டு நாள் கழிச்சு வா” என்றாள், என்னை நிமிர்ந்தே பார்க்காமல்.

மண்டபமே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அச்சு அசல் போலீஸ்! சரி, நியாயமாக என்ன கேட்க வேண்டுமோ அதைக் கேள் என்றார் வக்கீல் அம்மா. அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என் மகள் காலில் என்ன செருப்பு என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அன்று காலை மகளை டியூஷனுக்கு அனுப்பி வைத்ததே நான்தான். பெற்றவளுக்குத் தெரியவில்லையே என்று முன்வரிசையில் ஒருவர் கிண்டலடித்தார். எனக்குச் சுருக்கென்றது.

“பிள்ளயக் கடத்துதவங்க சட்டய மாத்திருவாங்க ஏட்டம்மா. செருப்ப யாரு மாத்துதா?” என்றாள் அவள்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். அதே பெண் எங்கள் நிலைய வாசலில், கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தாள். தண்ணீர் பிடிக்கப் போன பதினான்கு வயது மகளைக் காணோம். புதியம்புத்தூரில் தையல் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒருத்தி நாலைந்து நாளாக அந்தப் பிள்ளையைச் சுற்றிச் சுற்றி வந்தாளாம்.

எவன்கூட போனா என்ற கேள்வி பழக்க தோஷத்தில் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, அவளை நாற்காலியில் உட்கார வைத்துச் செருப்பைக் கேட்டேன்.

“ஒரு கால் நீலம், ஒரு கால் பச்ச. ஒத்தச் செருப்ப நாய் தூக்கிட்டுப் போயிருச்சு.”

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. எங்கள் எஸ்.ஐ. உடனே வழக்குப் பதியச் சொன்னார். ஒரு கையால் எழுதிக்கொண்டே வயர்லெஸ் மைக்கில் எல்லா ஸ்டேஷனுக்கும் சொன்னேன். காணாமல் போனது பிள்ளையா செருப்பா என்று மறுமுனையில் ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும்! நெடுஞ்சாலையில் விபத்து என்றால் எங்களுக்குத் தகவல் சொல்லும் டீக்கடைக்காரர்களையும் விடவில்லை, ஒவ்வொருவராகப் போன் போட்டேன்.

முக்கால் மணி நேரத்தில் கயத்தாறு பக்கமிருந்து ஒரு கடைக்கார அண்ணாச்சி கூப்பிட்டார். குரலை அமுக்கி ரகசியமாகப் பேசினார்.

“ஏட்டம்மா, வேன்ல ஒரு பிள்ள இருக்கு. சுடிதார் புத்தம் புதுசு, செருப்பு சோடி மாறிக் கெடக்கு. கூட வந்தவிய டீ கேட்டாவ. நான் ஆத்தோ ஆத்துன்னு ஆத்திக்கிட்டு நிக்கேன், வெரசா ஆள அனுப்புங்க!”

புதியம்புத்தூருக்கும் அந்தச் சாலைக்கும் சம்பந்தமே இல்லை. ரோந்து வண்டிக்குச் சொல்லிவிட்டு, தாயை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பறந்தோம். வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை, அண்ணாச்சியின் டீ ஆறிவிடக் கூடாதே என்று. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ரோந்துக்காரர்கள் வேனை மறித்துவிட்டார்கள். பிள்ளை இறங்கி ஓடி வந்தாள், ஒரு கால் நீலம், ஒரு கால் பச்சை. நான் யூனிபாரத்தில் இருப்பதையும் மறந்து கையைத் தட்டிக் குதித்தேன். சத்தியமாகக் குதித்தேன்.

நிலையத்துக்குத் திரும்பியதும் எல்லோருக்கும் டீ சொன்னோம். தாய் மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசை முன்னால் நின்றாள்.

“ஏட்டம்மா, மூத்தவளயும் இப்பம் எழுதுதீங்களா?”

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள், ஒரு கோபமும் இல்லாமல். நாலு வருடத்துக்கு முன்னால் மூத்த மகளைக் காணோம் என்று இதே மேசைக்கு வந்தாளாம். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னேனாம். சொன்னபடி வந்தாளாம். அன்றும் நான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லையாம்.

அப்போதுதான் உறைத்தது. அன்று மேடையில் அவள் நடிக்கவே இல்லை. நான் சொன்னதை, ஏட்டி என்ற அதட்டல் உட்பட, ஒரு சொல் மாறாமல் எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறாள். நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். அவள் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை.

புதுத் தாளை எடுத்தேன். என்ன செருப்பு என்று கேட்டேன். சிவப்பு வார், இடது காலில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கும் என்றாள், நேற்றுப் பார்த்தவள் மாதிரி. எப்.ஐ.ஆரில் புகார் தாமதமானதற்குக் காரணம் எழுத ஓர் இடம் உண்டு. அங்கே, புகார்தாரர் இரண்டு முறை நேரில் வந்தார், நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று எழுதி எஸ்.ஐ. முன்னால் வைத்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பின்னால் என்னிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன்.

மூத்தவள் இன்னும் கிடைக்கவில்லை. எந்த பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் என் கண் சிவப்பு வார் செருப்பைத்தான் தேடுகிறது, அந்த ஊக்கு இந்நேரம் துருப்பிடித்து உதிர்ந்திருக்கும் என்று தெரிந்தும்.