எதிர்வீட்டுக்குப் போன சீர்

நாங்கள் மலேசியாவுக்குக் குடிவந்த அன்று விமான நிலையத்தில் அப்பா எங்களுக்காகக் காத்திருந்தார். அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியும் காத்திருந்தாள். எனக்கு அப்போது பத்து வயது. மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் திரையில் மட்டுமே அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்று திருச்சியிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவளைக் கண்டதும் கால் நகரவில்லை.

"எதிர்வீட்டுப் பாப்பா. உங்களைப் பாக்கணும்னு ஒரே அடம், அதான் கூட்டிட்டு வந்தேன்" என்றார் அப்பா.

அம்மா சிரித்தாள். அம்மாவிடம் இரண்டு விதச் சிரிப்பு உண்டு. அது இரண்டாவது விதம்.

திருச்சியில் அம்மா பள்ளிக்கூட வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பதினோரு வருட வேலை. குளிர்பெட்டி சித்தி வீட்டுக்குப் போயிற்று. என் சைக்கிள் சித்தி மகனுக்குப் போயிற்று. அவன் அதை வாங்கிய கையோடு மணியைக் கழற்றிவிட்டான். எல்லாவற்றுக்கும் எனக்குச் சொல்லப்பட்ட ஒரே சமாதானம், அங்கே அப்பா இருக்கிறார் என்பதுதான். இருந்தார், வாஸ்தவம். ஆனால் அவர் கை காலியாக இல்லை.

வழியில் டெங்கிலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வண்டியை நிறுத்தினோம். "பாப்பாவுக்கு மைலோ ஐஸ், சீனி கம்மி" என்று அவளைக் கேட்காமலே சொன்ன அப்பா, என் பக்கம் திரும்பி, "நீ என்ன குடிப்பே?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் அதை நம்பிவிட்டார். தொண்டை வறண்டு செந்தூல் வரை வந்தேன்.

செந்தூலில் பதினேழு மாடி அடுக்ககம் ஒன்றில் நாலாவது மாடியில் எங்கள் வீடு. கதவைத் திறந்தால் எதிரே அவர்கள் வீட்டுக் கதவு, நடுவில் நாலு எட்டு. அப்பாவும் அவரோடு வேலை பார்த்த இரண்டு பேரும் மூன்று வருடம் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். நாங்கள் வருகிறோம் என்றதும் அந்த இருவரும் செராஸுக்கு மாறிக்கொண்டார்கள். எதிர்வீட்டு ஆன்டியின் கணவர் லோரி ஓட்டியவர், விபத்தில் போய்விட்டவர். ஆன்டி பகலில் ஒரு கிளினிக்கில் பெயர் பதிகிற வேலை பார்ப்பார், காலையும் மாலையும் இந்த மூன்று பேருக்கும் சமைத்துப் போடுவார். அப்பா பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த தன் அலுவலகத்துக்குப் போகிற வழியில் அந்தப் பெண்ணை மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். ஏற்பாடு அவ்வளவுதான். அவ்வளவில் அவள் என் அப்பாவைக் கரைத்துக் குடித்திருந்தாள்.

அவருக்குக் கரப்பான் பூச்சி என்றால் பயம் என்று அவளுக்குத் தெரியும். குளிக்கும்போது என்ன பாடுவார் என்று தெரியும். "அங்கிளுக்கு இந்தப் பக்கத்துப் பல்லுல வலி, அங்க கடிக்க மாட்டாரு" என்று அவள் ஒருநாள் எனக்கு வகுப்பு எடுத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவள் பல்லிலேயே வலி வரவழைத்திருப்பேன். அப்பாவும் அப்பாவாக இல்லை. காலையில் என்னைப் பார்த்து "பசியாறியாச்சா?" என்பார். இந்த ஊர்க்காரர்கள் மாதிரி பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுவார். இந்த மனிதரை யாரோ மூன்று வருடம் பழக்கி எடுத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

அம்மா என் கட்சி என்பதுதான் ஒரே ஆறுதல். எதிர்வீட்டிலிருந்து தினமும் ஒரு கிண்ணத்தில் ஏதாவது வரும். திருச்சியில் யார் வீட்டுப் பாத்திரத்தையும் அம்மா வெறுமையாகத் திருப்பியதில்லை, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவாள். இங்கே கழுவித் துடைத்து, பளபளவென்று வெறும் கிண்ணத்தைக் கொடுத்தனுப்பினாள். அதைக் கொண்டுபோகிற வேலை எனக்கு. அத்தனை சந்தோஷமாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது, "எதிர்வீட்ல இதுல கொஞ்சம் சோம்பு போடுவாங்க" என்றார் அப்பா, குழம்பைப் பிசைந்துகொண்டே. அம்மா "அப்படியா" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் எங்கள் வீட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

இப்படி இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை காலையில் ஆன்டி வந்து வாசலில் நின்றார். சிரிக்கவா அழவா என்று தெரியாத முகம்.

"அக்கா, பாப்பா பெரிய பிள்ளை ஆயிட்டா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கூடப் பொறந்தவங்கன்னு யாரும் இல்ல லா. வீட்டுக்குள்ளேயே தண்ணி ஊத்தி சிம்பிளா முடிச்சிரலாம்னு பாக்குறேன்."

அப்பா படித்துக்கொண்டிருந்த நாளிதழை இறக்கினார், பிறகு எதற்கோ மறுபடி உயர்த்திக்கொண்டார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"யாரும் இல்லைன்னு ஏன் சொல்றீங்க? இவர் இருக்காரே, உங்களுக்கு அண்ணனா. தாய்மாமன் சீர் நாங்க வைக்கிறோம்."

ஆன்டியின் பார்வை நாளிதழ் பக்கம் போய்த் திரும்பியது. "அதெல்லாம் எதுக்கு அக்கா, உங்களுக்குச் சிரமம்" என்றார்.

"என்ன சிரமம்? இருபத்தொரு தட்டு. இனிமே அக்கா இல்ல, அண்ணின்னு கூப்பிடுங்க."

எனக்குக் காது அடைத்துப்போயிற்று. ஒரே இரவில் கட்சி மாறுகிறவர்களைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போது எனக்கு இன்றும் அம்மாவின் அந்த முகம்தான் ஞாபகம் வரும். அடுத்த வாரம் முழுவதும் அவள் ஓய்ந்து உட்காரவில்லை. வளையல், பழம், பூ, இனிப்பு என்று வீடு நிறைந்தது. கடைசியில் பெட்டியைத் திறந்து, தீபாவளிக்கு என்று எனக்குத் திருச்சியில் எடுத்த அரக்குப் பட்டுப்பாவாடையை வெளியே எடுத்தாள். நான் வளர வளரப் பிரித்துவிடலாம் என்று அடியில் நிறைய மடித்துத் தைத்திருந்தது. அம்மா அந்த மடிப்பை அன்றே முழுசாகப் பிரித்தாள். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அளவு சரியாக வந்தது.

சடங்கு எதிர்வீட்டில். எங்கள் வாசலிலிருந்து நாலு எட்டு வைத்தால் சீர் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் நாலு எட்டில் போவது சீரே இல்லை என்று அம்மா ஒரே பிடிவாதம். ஆகவே இருபத்தொரு தட்டையும் லிஃப்டில் கீழே இறக்கி, மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் வரிசைப்படுத்தி, அடுக்ககத்தைச் சுற்றி ஊர்வலமாக வந்து, மறுபடி லிஃப்டில் நாலாவது மாடிக்கு ஏற்றினார்கள். ஆறு பேருக்கு மேல் ஏறினால் லிஃப்ட் கத்தும். மேல்வீட்டு மலாய் அம்மா ஒருவர் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் வாழ்த்துச் சொன்னார். அன்று மாமன் மகள் நான் என்பதால் பட்டுப்பாவாடைத் தட்டு என் கையில். கடைசி நடையில் ஏறினேன். நாலாவது மாடியில் பெண்கள் இறங்கினார்கள். நான் இறங்காமல் பதினேழை அழுத்தினேன்.

மேல்மாடிப் படிக்கட்டில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, மாமன் வீட்டுத் துணி வந்தால்தான் அவள் ஈரத்தை மாற்ற முடியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் உட்கார்ந்தேன். நன்றாக நடுங்கட்டும் என்று நினைத்தேன்.

அம்மாதான் கண்டுபிடித்தாள். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் கல்யாணப் பட்டோடு அந்த அழுக்குப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் அவளுக்கே குடுத்துட்டே. அப்பாவையும்" என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

"அப்பாவை யாரும் குடுக்கலடி. அவர் அவளுக்கு மாமா. இன்னிக்கு இத்தனை பேர் பாக்க மாமா ஆகப் போறார். பாவாடை போனாப் போகுது, எந்திரி."

என் முகத்தைத் துடைத்துவிட்டு, எந்திரி என்றவளே எழாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைத் தேடி மாடி மாடியாக ஏறிய களைப்பு என்று நினைத்தேன்.

என் பாவாடையை உடுத்திக்கொண்டு அவள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அது நன்றாகவே இருந்தது, அதுதான் தாங்கவில்லை. விதவை என்று ஒதுங்கி நின்ற ஆன்டியை அம்மா கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள். அப்பா கையில் மாலை.

"போடுங்க" என்றார் ஆன்டி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்படி இல்ல. பொண்ணோட அம்மா, அண்ணேன்னு சத்தமாக் கூப்பிட்டாத்தான் மாமன் மாலை போடணும். எங்க ஊர் வழக்கம்" என்றாள் அம்மா.

அந்த அடுக்ககத்தில் காய் விற்பவர், லிஃப்ட் பழுதுபார்க்க வருபவர் எல்லாருமே ஆன்டிக்கு அண்ணேதான். என் அப்பாவை மட்டும் அவர் அதுவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அண்ணே, போடுங்க" என்றவர், சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழுதுவிட்டார். பாவம், புருஷன் ஞாபகம் வந்துவிட்டது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அப்பா மாலையைப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் வந்து அம்மா பக்கத்தில் நின்றுகொண்டார். இனி சொந்தம் என்றே ஆகிவிட்டது, அப்பா முழுசாகப் போய்விட்டார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அன்று எடுத்த வீடியோவில் இன்றைக்கும் என் முகம் அப்படித்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு திருச்சியிலும் கிள்ளானிலுமாக எத்தனையோ சடங்குகளுக்குப் போய்விட்டேன். அண்ணே என்று கூப்பிட்டால்தான் மாமன் மாலை போட வேண்டும் என்று ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. அம்மா அங்கே நின்ற நிலையில் உண்டாக்கிய வழக்கம் அது. அந்தக் கூடத்தில் என்னைவிடப் பெரிய பொறாமைக்காரி ஒருத்தி இருந்தாள் என்பதும், தன் பொறாமையை இருபத்தொரு தட்டில் அடுக்கி, லிஃப்டில் ஏற்றி, பூவும் பழமுமாகச் சபையில் கொண்டுவந்து வைத்தவள் அவள்தான் என்பதும் பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.