கொய்யா வேரில் ஊற்றிய பால்

எனக்கு எழுபத்துநாலு வயது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று ஐந்தையும் வளர்த்தேன். ஒன்றுகூடப் புட்டிப்பால் குடித்ததில்லை. இதை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதும் இல்லை. மூன்றாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது, எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும். எனக்கு இப்போது அவசரம் ஒன்றுமில்லை.

எங்கள் வீடு நாமக்கல்லில், குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள சந்தில் இருக்கிறது. மாடியில் ஓர் அறை உண்டு. போன மாசியில் நாமகிரிப்பேட்டைப் பக்கத்துச் சிறுசுகள், புருஷனும் பெண்டாட்டியும், அதில் வந்து தங்கினார்கள். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட அவர்கள் குழந்தை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பெண் குழந்தை. ஒரு கிலோகூட இல்லை. தாயை ஐந்தாம் நாளே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளையை விட்டுவிட்டு அவள் எந்த வீட்டுக்குப் போவாள்?

அவன் போர் போடும் ரிக் வண்டியில் வேலை பார்ப்பவன். வடக்கே எங்கேயோ இருந்தவன், சேதி கேட்டு இரண்டு நாள் ரயிலில் வந்து சேர்ந்தான். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ் ஏறிக் கறுத்திருந்தது. இந்தக் கையோடு உள்ளே வராதே என்று நர்ஸ் திருப்பி அனுப்பிவிட்டாளாம். எங்கள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து புளியும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

“ஏந்தம்பி, தோலு உரிஞ்சிரும். போதும் உடு.”

“பரவால்லீங்க பெரியம்மா, தோலு வளந்துக்கும். ஒருக்காத் தொட்டுப் பாத்தரோணும்.”

“தொட்டு என்ன பண்ணுவ?”

“ஒண்ணும் பண்ண மாட்டனுங்க. உங்கொப்பன் வந்துட்டேன்னு சொல்லிப்போட்டு வந்துருவேன்.”

படியில் சாய்ந்திருந்த அவள், “கிரீஸ் நாத்தத்துக்கு அது அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கப் போவுது, பாருங்க” என்றாள். அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

குழந்தைக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு, இரண்டு மணிக்கொரு தரம் தாய்ப்பால் கொடுத்தார்கள். ஒரு வேளைக்கு ஒரு கரண்டிகூட வேண்டாம், அவ்வளவு கொஞ்சம். பகலில் அவள் அங்கேயே பீய்ச்சிக் கொடுப்பாள். சாயங்காலம் அறைக்கு வந்த பிறகு பீய்ச்சுவதை, ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்ன மூடி டப்பாக்களில் பிடித்துக் குளிரில் வைத்துக் காலையில் கொண்டு போக வேண்டும்.

“உங்க பிரிட்ஜுல ஓரமா வெச்சுக்கட்டுங்களா பெரியம்மா?” என்று கேட்டாள்.

பிள்ளை பெற்ற தீட்டு கழியாத பொருளை நான் என் அடுக்களைக்குள் விட்டதே இல்லை. அவளுக்காக விட்டேன். அதையும் என் பெருமையில் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டு நாள் அவனே வைத்தான், அவனே எடுத்தான். வைத்த கொஞ்ச நேரத்திலேயே கொண்டு போய்விடுகிறான் என்று நினைத்து நான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளி தவறாமல் விடிந்ததும் பிரிட்ஜைத் துடைப்பது என் வழக்கம். உள்ளே மூன்று டப்பா. ஒன்று நேற்றுச் சாயங்காலம் என் கண்முன் வைத்தது. பீய்ச்சி ஆறிப்போன பால் பிள்ளைக்கு ஆகாது, கால் படாத இடமாகப் பார்த்துச் செடி வேரில் ஊற்றிவிடு என்றுதான் என் மாமியார் எனக்குச் சொன்னார். என் மகள்களுக்கு நான் சொன்னதும் அதேதான். ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்த பாலையா ஒரு சிசுவுக்குக் கொடுப்பார்கள்? சிறுசுகள், விவரம் தெரியவில்லை என்று நினைத்தேன். மூன்றையும் கொய்யா மரத்து வேரில் ஊற்றினேன். டப்பாக்களை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். நல்ல காரியம் செய்த நினைப்பு எனக்கு.

அவள் பையோடு இறங்கி வந்தாள். கவிழ்ந்த டப்பாக்களைப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. கத்தவும் இல்லை.

“கை தவறிருச்சுங்களா பெரியம்மா?”

அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் செய்தது இன்னதென்று எனக்கு விளங்கியது.

“ஆமா அம்மிணி, தட்டி உட்டுட்டேன்” என்றது என் வாய். பொய்யை அவளே எடுத்துக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். “ஏழு மணிக்குக் குடுக்கோணுங்க. இப்பத்தான் பீய்ச்சி வெச்சேன், அதும் அதுலதான் இருந்துது. தாய்ப்பால் இல்லாட்டி பவுடர்ப்பால்தான்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதைக் கொடலு தாங்குமோ என்னமோன்னும் அவிங்களேதான் சொன்னாங்க.”

துணியை வெந்நீரில் பிழிந்து ஒத்தடம் கொடுத்தேன். பால் வரவில்லை. அவளுக்குக் கண் சொருகியது, தலை என் தோளில் விழுந்தது, திடுக்கிட்டு நிமிர்ந்து மறுபடி பீய்ச்சினாள். எனக்கு ஐந்து தடவையும் கேட்காமலே ஊறியது. அது என் உடம்பின் சாமர்த்தியம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பிள்ளை மடியில் கிடந்தது, அதனால் ஊறியது. இவள் மடியில் வெறும் டப்பா.

அவன் செல்போனில் பிள்ளையின் படத்தை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். தோல் உரிந்த கை, ஆடாமல் பிடித்திருந்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. டப்பாவின் அடி மறைந்ததும் மூடி போட்டு வாங்கிக்கொண்டு ஓடினான். ஏழு மணிப் பால் ஏழே முக்காலுக்குப் போனது. போதும் என்றார்களாம்.

அன்றே தயிரையும் மாவையும் வெளியே எடுத்து, மேல்தட்டை முழுக்க அவளுக்கு ஒழித்துக் கொடுத்தேன். அதன் கதவை வேறு யாரையும் தொட விடவில்லை. சாயங்காலமானால் அவன் வந்து, “இருவது கிராம் ஏறிருச்சுங்க” என்பான். மறுநாள், “பத்து எறங்கிருச்சுங்க” என்பான். எறங்கிய நாளில் எங்கள் வீட்டிலும் சோறு மீந்தது. அப்படியே பங்குனி போய்ச் சித்திரையும் பிறந்தது. அவள் நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்டாள்.

பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்து வந்த அன்று என் காலில் விழுந்தாள். “உங்க பிரிட்ஜு இல்லாட்டி எம்புள்ள இல்லீங்க பெரியம்மா.” அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நேற்று போன் வந்தது. பிள்ளைக்கு மொட்டை போடுகிறார்களாம், நான்தான் முன்னால் நிற்க வேண்டுமாம். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு போய் நிற்க என்னால் முடியாது. வாயால் சொல்லவும் வராது. அதனால் எழுதினேன். பிள்ளையை மடியில் வாங்கும் முன்னால் இதை அவள் கையில் கொடுத்துவிடுவேன்.

பேத்தியைக் கூப்பிட்டேன். “இங்க வா சாமி, இதைச் சத்தமாப் படி. எழுத்துத் தப்பெல்லாம் கெடக்கட்டும், உட்டுரு. ஊத்துனேன்னு இருக்குதா, தட்டி உட்டுட்டேன்னு இருக்குதா, அதை மட்டும் பாத்துச் சொல்லு.”