எடைக்கு எடை வெல்லம்

நான் ஒரு காலத்தில் நோஞ்சானாக இருந்தேன் என்றால் என் மகள் நம்புவதில்லை. செந்துறையில் இருந்தவரை, பள்ளி விட்டதும் பையை எறிந்துவிட்டு இருட்டும்வரை தெருத்தெருவாக ஓடிக்கொண்டிருப்பேன். என் உடம்பு தேறினால் எடைக்கு எடை வெல்லம் தருவதாக, கொள்ளிடக் கரையிலிருக்கும் எங்கள் குலதெய்வத்திடம் அம்மா வேண்டிக்கொண்டாள்.

பிறகு அப்பாவின் வேலைக்காகப் பெரம்பலூருக்குக் குடிவந்தோம். நெடுஞ்சாலை ஓரத்தில் மாடி வீடு. கீழே பேக்கரி. மைதானம் சாலைக்கு அந்தப்பக்கம். லாரிகளுக்குப் பயந்து அம்மா என்னைக் கீழே இறக்கவே மாட்டாள். அழாமலிருக்கச் சாயங்காலம் ஒரு கிரீம் பன், கூடவே டிவி. வேண்டுதல் வெகுவேகமாகப் பலித்தது.

துலாபாரத்துக்குப் போனபோது அப்பா என் பழைய உடம்பை மனதில் வைத்து வெல்லம் வாங்கியிருந்தார். ஒரு தட்டில் நான், மறுதட்டில் வெல்லம். மூட்டை காலியான பிறகும் என் தட்டு எழும்பவில்லை. சமமாகும்வரை பிள்ளையை இறக்கக் கூடாது என்றார் பூசாரி. கடைக்கு ஓட எழுந்த மாமா, போகிற போக்கில் அம்மாவிடம் சொன்னார்: "அக்கா, சாமி கேட்டதுக்கு மேலயே குடுத்துடுச்சு. போதும்னு இன்னொரு வேண்டுதல் வச்சுக்க!"

கோயிலே சிரித்தது. "எங்க வூட்டுப் புள்ளைங்க!" என்று அப்பா பூசாரியிடம் நெஞ்சை நிமிர்த்தினார். நானும் ராணிபோல உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெருமை இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அம்மா மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெத்தவ கண்ணு பொல்லாதது, அந்தப் பக்கம் திரும்பு" என்று அத்தை அதட்டியும் அவள் திரும்பவில்லை. மாமா கொண்டுவந்த வெல்லத்தில் ஒருவழியாகத் தட்டு எழும்பியது.

மறுநாள் சாயங்காலம் பன் வரவில்லை. அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்துச் சாலையோரம் நின்றாள். பஸ் ஏறவே அப்பாவைத் துணைக்குக் கூப்பிடுகிறவள், ஒரு கையை உயர்த்தி லாரியை நிறுத்தினாள். ஹாரன்கள் அலற, நாங்கள் மைதானத்துக்கு நடந்தோம். அதன்பிறகு மழை நாள் தவிர எல்லா நாளும் நடந்தோம்.

என் மகளை விளையாட அழைத்துப் போகும்போது, அவளைப் படுத்துகிறேனோ, இது போதாதோ என்று எனக்கு ஓயாத குழப்பம். அம்மாவுக்கும் இருந்திருக்கும். அன்று சாலை நடுவில் அவள் என் கையை வலிக்க வலிக்க இறுக்கிப் பிடித்திருந்தாள். வெல்லம் போதாமல் போன கோபம் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.